"பாட்டு விளங்குது, நித்திரைதான் வரல்ல": தாலாட்டைக் கிற்றாரில வாசிக்கிறவருக்கு ஒரு விளக்கம்

வணக்கம் எல்லாருக்கும். போன கிழமை வந்த கேள்விகளுக்குள்ள களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டத இண்டைக்கு எடுக்கிறன். நீளமா எழுதியிருக்கார். சாரத்த மட்டும் வாசிக்கிறன்.

"அண்ணன், எங்கட பக்கம் வீட்டுக்கு வீடு பாடுற தாலாட்டு ஒண்ட, குரல் இல்லாம கிற்றாரில மட்டும் வாசிச்சு யூடியூபில போட்டன். நிறையப் பேர் 'சூப்பர்' எண்டு போட்டிருக்காங்க. சிலர் இப்பிடியும் போட்டிருக்காங்க. ஒண்டு, 'பாட்டு விளங்குது, நித்திரைதான் வரல்ல.' ரெண்டு, 'தாலாட்டா பைலாவா?' மூண்டு, 'சினிமாப் பாட்டு மாதிரிக் கிடக்கு.' நாலு, '1:12 இல என்னமோ பிசகுது.' அஞ்சு, 'எங்கட உம்மா பாடுற மெட்டு இது இல்ல.' கடைசியா ஒருத்தர், 'கிற்றார் நம்மட வாத்தியமா?' எண்டு கேட்டிருக்கார். இதில எத எடுக்கிற, எத விடுற? வீடியோவ எடுத்திட்டுத் திருத்திப் போடவா?"

தம்பி, வீடியோவ முழுக்கக் கேட்டன். விரல் சுத்தமா ஓடுது, ரியூனிங்கும் பெரிசாப் பிழை இல்ல. அதால உங்களுக்கு வந்த பிரச்சினை கைப்பழக்கத்தில இல்ல. முதல்ல கொமென்ட்ட வாசிக்கிற விதத்தச் சொல்றன். ஒரு பாட்ட சின்ன வயசில இருந்து கேட்டு வளர்ந்த ஆளுக்கு, அது எங்க பிழைக்குதெண்டு காது உடனே சொல்லிரும். ஏன் பிழைக்குதெண்டு சொல்லத்தான் வராது. அதால அவங்க கைக்குக் கிடைச்ச ஒண்டில பழியப் போடுவாங்க. கிற்றாரில போடுவாங்க, சினிமாவில போடுவாங்க, உங்கட வயசில கூடப் போடுவாங்க. நீங்க அந்தக் காரணத்த விட்டிட்டு, அவங்க காட்டுற இடத்த மட்டும் எடுங்க. 'சூப்பர்' எண்டு எழுதினவங்களுக்கு நன்றி சொல்லுங்க, ஆனா அதில படிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. '1:12' எண்டு நேரத்தோட எழுதினவர்தான் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கார். அவர்ட்ட மறுகா வாறன்.

முதல்ல நித்திரை. இதையும் 'பைலாவா' (பைலா எண்டா இஞ்ச கொண்டாட்டங்களில ஆடுற துள்ளல் பாட்டு) எண்டதையும் ஒண்டாத்தான் பாக்கோணும், ரெண்டுக்கும் வேர் ஒண்டு: வேகம்.

தாலாட்டுட தாளம் பாடுறவங்கட வாயில இல்ல, ஏணையில இருக்கு. கூரை மரத்தில, அதாவது வளையில, கயிறு போட்டு, சீலையக் கட்டி, புள்ளயப் போட்டு ஆட்டினா, அது போய் வாற நேரம் கயிற்றுட நீளத்திலதான் தங்கியிருக்கு. புள்ளட பாரம் கூடினாலும் குறைஞ்சாலும் அந்த நேரம் மாறாது. வளையில இருந்து புள்ள கிடக்கிற இடம் மட்டும் 1.5 மீற்றர் எண்டா, ஒருக்காப் போய் வாறதுக்கு ஏறத்தாழ 2.5 செக்கன். 2 மீற்றர் எண்டா 2.8 செக்கன். கையால தள்ளி இதக் கெதியாக்க ஏலாது. தள்ளினா தூரம் கூடும், நேரம் கூடாது, குறையாது. அம்மா பாடுறது இந்த ஆட்டத்துக்கு மேலதான். போறதுக்கு ஒரு அடி, வாறதுக்கு ஒரு அடி. அப்ப ஒரு அடிக்கு 1.2 இல இருந்து 1.4 செக்கன். மெட்ரோனோமில (தாளம் தட்டிக் காட்டுற கருவி) போட்டுப் பாத்தா நிமிஷத்துக்கு 42 இல இருந்து 49 வரைக்கும் வருது.

உங்கட வீடியோவ மெட்ரோனோமோட வைச்சுப் பாத்தன். 72. அந்த வேகத்தில ஒரு ஏணை ஆடோணும் எண்டா அதுட கயிறு 70 சென்ரிமீற்றர்தான் இருக்கலாம். அப்பிடி ஒரு ஏணை எந்த வீட்டிலயும் இல்ல. கேட்டவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, ஆனா உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் நித்திரை வரல்ல எண்டு எழுதியிருக்கார்.

அதுக்கு மேல ரெண்டாவது கண்ணியில (நாலு வரி சேர்ந்தது ஒரு கண்ணி) இருந்து நீங்க கீழ, கீழ, மேல எண்டு ஸ்ட்ரம் பண்ண, அதாவது எல்லாக் கம்பியையும் ஒண்டா வாரி அடிக்கத் தொடங்கியிருக்கீங்க. ஒவ்வொரு அடியும் மூண்டாப் பிரியிற தாளம், அதில கெதி வேற, அதுக்கு மேல ஸ்ட்ரம் வேற. ஆறுக்கு எட்டு எண்டு சொல்ற அந்த நடையக் கெதியாக்கி, முதல் தட்டில அழுத்தம் குடுத்தா, இஞ்ச இருக்கிற ஆர்ட காதிலயும் பைலாதான் விழும். கொமென்ட் போட்டவர் பகிடிக்குப் போட்டாலும் சொன்னது சரி.

திருத்துறது லேசு. மெட்ரோனோம 45 இல வைங்க. ஒவ்வொரு தட்டுக்குள்ளயும் மனசுக்குள்ள மூண்டு எண்ணுங்க. முதல் கொஞ்ச நாளைக்கு இது தாங்க முடியாத மெதுவா இருக்கும், விரல் முந்தி ஓடும். மெட்ரோனோம் சத்தம் பிடிக்கல்ல எண்டா ஒரு நூலில பூட்டு ஒண்டக் கட்டி, 1.5 மீற்றர் விட்டுத் தொங்கப்போட்டு ஆட்டிவிட்டிட்டு, அதப் பாத்து வாசிங்க. எனக்கு இது மெட்ரோனோம விட நல்லதாப் படுது, ஏனெண்டா பூட்டு ரெண்டு கரையிலயும் ஒரு கணம் நிண்டு கிறுகும். பாட்டுக்கும் அந்த நிப்பு வேணும். மெட்ரோனோம் 'டக் டக்' எண்டு வெட்டிப் போடும்.

ஒரு எச்சரிக்கை. பதிவு செய்யிற நேரம் மெட்ரோனோமக் காதில போட்டுக்கொண்டு வாசிக்காதீங்க. வரி முடியிற இடத்தில அம்மா மூச்செடுப்பா. சில வரிக்கு நீளமா நிப்பா, சில வரிக்குச் சுருக்கமா. வரிக்குள்ள ஆட்டம் சீரா இருக்கட்டும், வரிக்கும் வரிக்கும் இடையில சுதந்திரமா விடுங்க.

அடுத்தது சினிமா. இதில கொஞ்சம் நிண்டு பேசவேணும், ஏனெண்டா நாட்டார் பாட்டுக் கவர் பண்ற பத்துப் பேரில ஒன்பது பேர் வழுக்கிற இடம் இது.

நீங்க போட்டிருக்கிற கோட் (ஒரே நேரத்தில சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) நாலு: ஜீ, ஈ மைனர், சீ, டீ. கிற்றார் பழகத் தொடங்கின எல்லாரும் முதல்ல படிக்கிற வரிசை. ஆயிரம் மேடைப் பாட்டுக்கு இது பொருந்தும். தாலாட்டுக்கு ஏன் பொருந்தாது எண்டு பாருங்க. இந்த மெட்டில மொத்தமா அஞ்சு சுரம்தான் ஓடுது: ச, ரி, க, ம, ப. ஒவ்வொரு வரியும் ச-வில வந்து நிக்குது. ச எண்டா இஞ்ச ஜீ. புள்ளைக்கு ஒவ்வொரு தரமும் அதே இடத்துக்குப் பாட்டு வந்து சேருறதிலதான் நிம்மதி. நீங்க என்ன செய்திருக்கீங்க? முதல் வரி முடிவில ஜீ கோட். சரி. ரெண்டாவது வரி முடிவில ஈ மைனர். அதே ஜீ சுரம்தான், ஈ மைனருக்கு மேல சோகமாக் கேக்குது. மூண்டாவது வரி முடிவில சீ. அதே சுரம் இப்ப 'இன்னும் முடியல்ல' எண்டு கேக்குது. மெட்டு மூண்டு தரமும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கு, ஆனா கேக்கிறவர மூண்டு வேற வேற இடத்தில கொண்டு போய் விட்டிருக்கீங்க. படத்தில கதைக்கு ஏத்தபடி உணர்ச்சிய மாத்திறதுக்கு இந்த வேல நல்லா உதவும். அதான் 'சினிமா மாதிரி' எண்டு கேக்குது. எதிரொலி கூட்டினதும் ஒரு காரணம், ஆனா அது சின்னக் காரணம்.

இப்ப 1:12. அது நாலாவது வரி முடிவு. மெட்டு ச-வில நிக்குது, கீழ டீ கோட் ஒலிக்குது. டீ கோட்டுக்குள்ள எஃப் ஷார்ப் இருக்கு. ஜீயும் எஃப் ஷார்ப்பும் அரைச் சுரம்தான் தள்ளி. ரெண்டும் ஒண்டாக் கேட்டா உரசும். (கிற்றாரில வாசித்துக் காட்டுகிறார்.) கேட்டீங்களா? அந்தப் பிசகு இதான். நீங்க மறுகா ஜீக்கு வந்து அத அவிழ்க்கிறீங்க, ஆனா பாட்டு எப்பவோ முடிஞ்சிட்டு. வாசிச்ச உங்களுக்கு விரல் பிழைக்கல்ல எண்டதால இது தட்டுப்பட்டிருக்காது.

இன்னொரு விஷயம், கோட்டுக்குள்ள இருக்கிற க. வீட்டில பாடுறவங்கட க ஒரே இடத்தில நிக்காது. ஏறும்போது கொஞ்சம் மேல, இறங்கும்போது கொஞ்சம் கீழ. ஜீ கோட்ட முழுசாப் போட்டா அதுக்குள்ள இருக்கிற பீ சுரம் 'க இஞ்சதான்' எண்டு ஆணி அடிச்சிரும். அதுக்குப் பிறகு மெட்டு எவ்வளவு நெளிஞ்சாலும் பிழையாக் கேக்கும். தாலாட்டெண்டா நீலாம்பரி ராகம் எண்டு சிலர் சொல்லுவாங்க. அது கச்சேரி மேடைட வழக்கம். வீட்டுத் தாலாட்டு ஒரு ராகத்துக்குள்ள அடங்கோணும் எண்டு கட்டாயமில்ல, அதால ராகத்தத் தேடிப் போய்ச் சுரத்தத் திருத்தாதீங்க.

அப்ப கோட் வேணாமா? வேணாம். ச-வும் ப-வும் மட்டும் கீழ ஒலிச்சாப் போதும். அதுக்கு வசதியா ரியூனிங்க மாத்துங்க. வழமையான ரியூனிங்கில மூண்டு கம்பிய இறக்கோணும்: 6ஆம் கம்பி ஈ-யில இருந்து டீ-க்கு, 2ஆம் கம்பி பீ-யில இருந்து ஏ-க்கு, 1ஆம் கம்பி ஈ-யில இருந்து டீ-க்கு. மூண்டும் ரெண்டு பிரெட் (கழுத்தில குறுக்கா இருக்கிற உலோகக் கட்டம்) அளவு இறக்கம். மற்ற மூண்டையும் தொட வேணாம். இப்ப தடிச்ச கம்பியில இருந்து டீ, ஏ, டீ, ஜீ, ஏ, டீ.

ரியூனர் இல்லாமலும் சரிபாக்கலாம். 12ஆம் பிரெட்டுக்கு நேரா விரல லேசா வைச்சு மீட்டினா வாற மணிச்சத்தம் இருக்கே, 6ஆம் கம்பிட அந்தச் சத்தம் 4ஆம் கம்பியத் திறந்து மீட்டினதுக்குச் சமன். 5ஆம் கம்பிட சத்தம் 2ஆம் கம்பிக்குச் சமன். 4ஆம் கம்பிட சத்தம் 1ஆம் கம்பிக்குச் சமன். கம்பிய இறக்கிற நேரம் வேணுமெண்டு கொஞ்சம் கூடவே இறக்கிட்டு, பிறகு மேல ஏத்தி நிப்பாட்டுங்க. மேலயிருந்து இறக்கி அப்பிடியே விட்டா வாசிக்க வாசிக்க இன்னும் கீழ போகும். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுகா ஒருக்காப் பாருங்க.

இப்ப கேப்போவ (எல்லாக் கம்பியையும் ஒண்டா அமத்திப் பிடிக்கிற கவ்வி) 5ஆம் பிரெட்டில போடுங்க. பிரெட்டுட கம்பிக்கு ஒட்டினாப்போல போடோணும், நடுவில போட்டா கம்பி இழுபட்டுச் சுருதி கூடும். போட்ட பிறகும் ரியூனிங்கப் பாக்கோணும். இப்ப 4ஆம் கம்பி திறந்தபடி ஜீ, அதாவது சுருதிக் கணக்கில 5 கட்டை. பொம்புளைகள் தாலாட்டுப் பாடுற சுருதிக்கு இது கிட்ட. கேப்போ இல்லயெண்டா டீ-யிலயே வாசிக்கலாம், 2 கட்டை. ஆம்புள பாடின மாதிரித் தொனிக்கும், குற்றமில்ல.

இப்ப சுரம் எங்க இருக்கெண்டு பாருங்க. கேப்போவில இருந்து எண்ணிச் சொல்றன். 4ஆம் கம்பி திறந்தா ச. அதே கம்பியில 2ஆம் பிரெட் ரி, 4ஆம் பிரெட் க. 3ஆம் கம்பி திறந்தா ம. 2ஆம் கம்பி திறந்தா ப. கட்டைவிரலுக்குக் கீழ 6ஆம் கம்பியில ச, 5ஆம் கம்பியில ப. ச, ரி, க மூண்டும் ஒரே கம்பியில வாறதுதான் இதில பெரிய லாபம். விரல எடுக்காம இழுத்துக்கொண்டு போகலாம். வழமையான ரியூனிங்கில நீங்க கம்பி மாறி மாறி வாசிச்சதால சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில வெட்டு விழுந்திருக்கு.

இந்த வெட்டுத்தான் நித்திரை வராததுக்கு ரெண்டாவது காரணம். 'ஆராரோ' எண்ட சொல்ல எடுங்க. மூண்டு எழுத்து. நீங்க அதுக்கு ஏழு தரம் மீட்டியிருக்கீங்க. பாடுறவங்க ஒரு எழுத்த ஒருக்காத்தான் தொடங்குவாங்க, பிறகு உயிர இழுப்பாங்க. கிற்றாரிலயும் அப்பிடித்தான் செய்யோணும்: எழுத்துத் தொடங்கிற இடத்தில மட்டும் வலக்கை மீட்டோணும், உயிர் நீளுற இடம் முழுக்க இடக்கைட வேல.

'ஆ': 4ஆம் கம்பியில 2ஆம் பிரெட்டில மீட்டி, விரல எடுக்காம 4ஆம் பிரெட்டுக்கு இழுங்க. ரி-யில தொடங்கிக் க-வில வந்து நிக்கும். 'ரா': சுட்டுவிரல 2ஆம் பிரெட்டில முன்கூட்டியே வைச்சுக்கொண்டு, 4ஆம் பிரெட்டில மெல்லமா மீட்டி, மேல் விரலக் கொளுவி எடுங்க. க-வில இருந்து ரி-க்கு வழுகும். 'ரோ': கம்பியத் திறந்து மீட்டுங்க, ச. அவ்வளவுதான், மூண்டு மீட்டு. (வாசித்துக் காட்டுகிறார்.) க கொஞ்சம் மேல போகோணும் எண்டு தோணினா 4ஆம் பிரெட்டில கம்பியச் சாடையாப் பக்கத்துக்குத் தள்ளுங்க. வீணைக்காரர் கம்பிய இழுக்கிறதும் இதே வேலதான். ஆனா 12 நம்பர் தடிச்ச கம்பி போட்டிருந்தா விரல் நோகுமே தவிர சுரம் ஏறாது. 10 நம்பர் செட் போடுங்க.

'ரோ' நீளும். வீட்டில அது ரெண்டு ஆட்டத்துக்கு, அதாவது அஞ்சு செக்கனுக்கு நிக்கும். குரல் நிக்கும், கிற்றார் நிக்காது. மூண்டு நாலு செக்கனில ஃபோன் மைக்குக்குக் கேக்காத அளவுக்கு மெலிஞ்சிரும். இந்த வெறுமைக்குப் பயந்துதான் எல்லாரும் அந்த இடத்தில ஒரு ஓட்டம் ஓடுறாங்க. நீங்களும் ஓடியிருக்கீங்க, அதும் 1:30 கிட்ட நல்ல அழகான ஓட்டம். ஆனா புள்ள கண் மூடுற இடம் அது. அதில கைவேல காட்டப்படாது. அதுக்குப் பதிலா, ஏணை திரும்பி வாற அடியில கட்டைவிரலால 6ஆம் கம்பிய மெல்லத் தொடுங்க. அடுத்த அடியில 5ஆம் கம்பி. ச, ப, ச, ப. மேல சுரம் மெலிஞ்சாலும் கீழ ஆட்டம் கேட்டுக்கொண்டிருக்கும். நகத்தால மீட்ட வேணாம், விரல் நுனிச் சதையால மீட்டுங்க. கையும் வாய்க்குழிக்கும் (கிற்றார் உடம்பில இருக்கிற வட்ட ஓட்டை) கழுத்துக்கும் நடுவில இருக்கட்டும். கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜ் பக்கம் போனா சத்தம் கூராகும்.

எத்தின கண்ணி வாசிக்கிற? பாடினா எட்டுக் கண்ணியும் பாடலாம், ஒவ்வொண்டிலயும் மாமன் வேற சீர் கொண்டு வருவார். கிற்றாரில சொல் இல்ல, அதால எட்டுத் தரம் ஒரே மெட்டக் கேக்க ஆருக்கும் பொறுமை வராது. மூண்டு கண்ணி போதும். ஒரு வரிக்கு நாலு ஆட்டம், அதாவது 10 செக்கன். நாலு வரிக்கு 40 செக்கன். மூண்டு கண்ணிக்கு 2 நிமிஷம். முதல் கண்ணி நான் சொன்ன கம்பிகளில, ரெண்டாவது ஒரு ஸ்தாயி மேல 1ஆம் கம்பியில, மூண்டாவது திரும்பக் கீழ வந்து, இன்னும் சத்தம் குறைச்சு. வேகத்தக் கூட்டி வித்தியாசம் காட்டப் போகாதீங்க. தொடக்கத்தில உங்கட வீடியோவில 28 செக்கன் முன்னிசை ஓடுது. யூடியூப் ஸ்டூடியோவில ஆக்கள் எந்தச் செக்கனில விட்டிட்டுப் போறாங்க எண்டு காட்டுற கோடு இருக்கு, அதத் திறந்து பாருங்க. அந்த 28 செக்கனுக்குள்ள கோடு விழுந்திருந்தா காரணம் தேடத் தேவயில்ல. ச, ப ரெண்டும் ரெண்டு ஆட்டம் ஆடிட்டு நேரே பாட்டுக்குள்ள போங்க.

பதிவு பற்றிச் சுருக்கமா. ஃபோன 12ஆம் பிரெட்டுக்கு நேரா, 20 இல இருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி வைங்க. வாய்க்குழிக்கு நேரா வைச்சா கீழ்க்கம்பி 'பொம்' எண்டு மொத்தும். ஃபானை நிப்பாட்டுங்க. ஃபோனில இரைச்சல் குறைக்கிற வசதி இருந்தா அதையும் நிப்பாட்டுங்க, இது முக்கியம். அது மனிசக் குரலுக்கெண்டு செய்தது. கம்பிச் சத்தம் மெலிஞ்சு போறத இரைச்சல் எண்டு நினைச்சு வெட்டிப்போடும். நீங்க அஞ்சு செக்கன் நிப்பாட்டின 'ரோ' ரெண்டு செக்கனில செத்திரும். கடற்கரை ஊரில உப்புக் காத்தில கம்பி கெதியாத் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிய உலர்ந்த துணியால துடைங்க. 12ஆம் பிரெட்டில அமத்தி மீட்டின சுரமும் அதே இடத்து மணிச்சத்தமும் ஒத்துப்போகல்ல எண்டா முதல்ல புதுக் கம்பி போட்டுப் பாருங்க.

இனி 'எங்கட உம்மா பாடுற மெட்டு இது இல்ல.' இது குறையில்ல, தகவல். எழுதினவர் அம்பாறைக் கரையோரமா இருக்கலாம்: மருதமுனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எண்டு அந்தப் பக்கம் முஸ்லிம் வீடுகளிலயும் தாலாட்டு இருக்கு. சொல்லும் வேற, மெட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வேற. எழுதி வைச்சுப் பாடின பாட்டில்லயே, வாயால வந்த பாட்டு. அப்ப எந்த மெட்ட வாசிக்கிற? உங்கட வீட்டில கேட்டத மட்டும் நம்பாம, வேற வேற ஊரில மூண்டு வயசான பொம்புளைகளப் பாடச் சொல்லிப் பதிஞ்சு எடுங்க. கேட்டுச் சுரத்த எழுதுங்க. மூண்டு பேரும் ஒரே மாதிரிப் பாடுற இடம்தான் பாட்டுட எலும்பு. அதில கை வைக்கப்படாது. மூண்டு பேரும் மூண்டு விதமாப் பாடுற இடத்தில உங்களுக்கு உரிமை இருக்கு, அங்க நீங்க விரும்பினத வாசிக்கலாம். உங்கட வீடியோவில தலைகீழா நடந்திருக்கு எண்டு நினைக்கிறன்: வரி முடிவு ஆர் பாடினாலும் மாறாத இடம், நீங்க கோட்டப் போட்டு அதத்தான் மாத்தியிருக்கீங்க.

ஆரோ ஒரு பாடகர் இசையமைச்சுப் பதிஞ்ச வடிவத்தக் கேட்டு வாசிச்சிருந்தா, மெட்டுப் பொதுச்சொத்தா இருந்தாலும் அவர் சேர்த்த முன்னிசையும் இடையிசையும் அவருட வேல. அத விளக்கத்தில எழுதோணும், அவர்ட்ட அனுமதி கேட்டும் வாசிக்கோணும்.

'கிற்றார் நம்மட வாத்தியமா?' இதுக்கு வாக்குவாதப்படாதீங்க, ஆனா பதில் தெரிஞ்சு வைச்சிருங்க. மட்டக்களப்பில போர்த்துக்கேயர் கோட்டை கட்டினது 1628 இல, ஒல்லாந்தர் அதப் பிடிச்சது 1638 இல. போர்த்துக்கேய மொழி பேசுற பறங்கியர் குடும்பங்கள் இஞ்ச இண்டைக்கும் இருக்கு, அவங்கட கலியாண வீட்டு கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினும் கிற்றாரும் வாசிக்கிறது வழக்கம். அப்பிடிப் பாத்தா இந்த ஊருக்குக் கிற்றார் அந்நியமில்ல. கூத்துக் களரியில மத்தளமும் சல்லரியும் இருந்தாப் போதும், அங்க கிற்றாரக் கொண்டு போய்ச் செருகினா நானும் வேணாம் எண்டுதான் சொல்லுவன். தாலாட்டுக்கு வாத்தியமே கிடையாது, ஏணைக் கயிறு கிறீச்சிடுற சத்தம் மட்டும்தான். எந்த வாத்தியத்தக் கொண்டு வந்தாலும் அது புதுசுதான். காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழ ஆராய்ஞ்சு யாழ் நூல் எழுதினார், 1947 இல வெளிவந்தது. வாத்தியத்தப் பற்றிக் கேள்வி கேக்கிறது இந்த மண்ணுக்குப் புதுசில்ல. கேட்டவர மதிச்சுப் பதில் சொல்லுங்க.

கடைசிக் கேள்வி, வீடியோவ எடுக்கிறதா. எடுக்காதீங்க. யூடியூபில அதே இணைப்பில வேற வீடியோவ மாத்திப் போட ஏலாது, அழிச்சா கொமென்ட் எல்லாம் அதோட போயிரும். உங்களுக்குப் பாடம் சொன்னது அந்தக் கொமென்ட்தான். பழையது கிடக்கட்டும். புதுசா வாசிச்சு வேற வீடியோவாப் போட்டு, பழைய வீடியோவுக்குக் கீழ முதல் கொமென்ட்டா அதுட இணைப்பப் பின் பண்ணி விடுங்க. 1:12 எண்டு எழுதினவருக்கு 'டீ கோட்டாலதான் பிசகினது, எடுத்திட்டன்' எண்டு ஒரு வரி போடுங்க, அவர் வந்து கேப்பார். ஆனா எல்லாருக்கும் முந்தி உம்மாட மெட்டுப் பற்றி எழுதினவருக்கு மறுமொழி போடுங்க. அந்த மெட்ட உம்மாவையே பாடச் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்ப ஏலுமா எண்டு கேளுங்க. உம்மாட பேரும் ஊரும் விளக்கத்தில போடலாமா எண்டதையும் அதோட சேர்த்தே கேட்டிருங்க.